எண்ணெயும் திராட்சரசமும் ஆயத்தமாயிருக்கட்டும்

இந்த வாரத் தியானப் பகுதிகள்: லூக்கா 10:25-37; அப்போஸ்தலர் 23:12-24



நம் பகுதியின் சபைகளில் வாலிபர் ஐக்கியங்கள் ஆண்டுத் திட்டம் வகுக்கும்போது அந்தத் தாளில் இடம்பெறுகிறவை ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும். வேத வினாடி வினா, கிரிக்கெட் போட்டி, விடுமுறை வேதாகமப் பள்ளி, வாலிபர் ஞாயிறு, ஒரு சுற்றுலா, டிசம்பரில் கீத பவனி. இவற்றுக்கு நடுவே ஏதாவது ஒரு சனிக்கிழமைக்கு நேராகச் 'சமுதாயப் பணி' என்று எழுதப்பட்டிருக்கும். அன்றைக்கு ஆலய வளாகத்துக் கருவேல முட்களை வெட்டுவார்கள். அல்லது அரசு மருத்துவமனைக்குச் சென்று ரொட்டியும் பழமும் கொடுப்பார்கள். புகைப்படம் எடுக்கப்படும். அடுத்த ஆண்டும் அதே பணி, வேறொரு சனிக்கிழமையில்.

இவற்றில் ஒன்றையும் நான் குறை கூறவில்லை. பிள்ளைகள் கூடி விளையாடுவதும் பாடுவதும் சபைக்கு ஆசீர்வாதம். ஆயினும், பட்டாசும் தீப்பெட்டியும் செய்து பிழைக்கிற இந்தச் சீமையில் வாழ்கிற வாலிபர் ஐக்கியத்துக்கு அந்த ஒரு சனிக்கிழமை போதாது என்பதை இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். இங்கே சேவை என்பது முன்னதாகவே கற்றுக்கொள்ளப்பட வேண்டியது. முடிந்த பின்பும் திரும்பிச் சென்று பார்க்கப்பட வேண்டியது. ஒருநாள் நிகழ்ச்சியால் இவ்விரண்டையும் செய்ய இயலாது.

நல்ல சமாரியனின் உவமையை ஓய்வுநாள் பள்ளியிலேயே கற்றவர்கள் நாம். ஆசாரியனும் லேவியனும் விலகிப் போனதையும் சமாரியன் மனதுருகியதையும் பலமுறை தியானித்திருக்கிறோம். ஆனால் ஒரு சிறு காரியத்தைக் கவனியுங்கள். அவன் காயங்களில் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் கட்டுகிறான். ஆளற்ற மலைப்பாதையில் அவை எங்கிருந்து கிடைத்தன? அவன் கையிலேயே இருந்தன. திராட்சரசம் காயத்தைக் கழுவும், எண்ணெய் எரிச்சலை ஆற்றும் என்பது அக்காலத்து வைத்திய அறிவு. அந்த அறிவும் அவனிடம் இருந்தது. மனதுருக்கம் அவனை நிறுத்தியது. காயப்பட்டவனைப் பிழைக்க வைத்ததோ மனதுருக்கமும் ஆயத்தமும் சேர்ந்தே. மனதுருக்கத்தைக் குறித்து நாம் நிறையப் பேசியிருக்கிறோம். ஆயத்தத்தைக் குறித்துப் பேசியது குறைவு.

ஆயத்தமில்லாத மனதுருக்கம் என்ன விலை கேட்கும் என்பதை நம் மாவட்டம் அறியும். 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் ஒரு பட்டாசு ஆலையில் தீப்பிடித்தது. ஏறத்தாழ 40 பேர் மாண்டார்கள். அதைவிட அதிகமானோர் காயப்பட்டார்கள். மாண்டவர்களுள் பலர் அந்த ஆலையின் தொழிலாளர் அல்லர். முதல் வெடிச் சத்தம் கேட்டு, புகையைக் கண்டு, அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து உதவிக்கும், என்ன நடந்தது என்று பார்க்கவும் ஓடிவந்தவர்கள். அவர்கள் நெருங்கிய பிறகு பெருவெடிப்பு நிகழ்ந்தது. ஓடிவந்த அந்தக் கால்களைப் பழிக்க எவருக்கும் உரிமையில்லை. விலகிப் போன ஆசாரியனைவிட அவர்கள் ஆயிரம் மடங்கு மேலானவர்கள். ஆனால் 'முதல் வெடிக்குப் பின் இரண்டாவது வெடி உண்டு; கிட்டப் போகாதே; வழியை அடைக்காதே' என்று அவர்களுக்கு எவராவது முன்பே கற்றுக்கொடுத்திருந்தால், அவர்களில் எத்தனை பேர் இன்று நம்மோடு இருந்திருப்பார்கள்!

இந்தியாவில் செய்யப்படும் பட்டாசில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கு நம் மாவட்டத்திலிருந்தே போகிறது என்பார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆலைகள் இங்கே உண்டு. 2016 அக்டோபர் 20 அன்று சிவகாசி நகருக்குள்ளேயே பட்டாசு ஏற்றி இறக்கும் இடத்தில் பற்றிய தீயின் புகை, பக்கத்திலிருந்த ஸ்கேன் மையத்துக்குள் புகுந்து உயிர்களைக் குடித்தது. அங்கே இருந்தவர்களுக்கும் பட்டாசுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் நடந்த வெடிவிபத்தில் 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெயர் சொல்லாமல் போகிற சிறு விபத்துகள் ஆண்டுதோறும் உண்டு. இவை எங்கோ தூர தேசத்துச் செய்திகள் அல்ல. நம் ஆராதனையில் பக்கத்து இருக்கையில் அமர்கிறவரின் வீட்டுச் செய்திகள்.

ஆகவே வாலிபர் ஐக்கியம் முதலாவது கற்றுக்கொள்ள வேண்டிய ஊழியம் தீக்காயத்துக்கான முதலுதவி என்பேன். இது பெரிய படிப்பல்ல. உடையில் தீப்பற்றினால் ஓடாதே. நின்று, தரையில் படுத்து, உருள வேண்டும். வெந்த இடத்தில் ஏறத்தாழ 20 நிமிடம் குழாய்த் தண்ணீர் மெல்ல ஓடிக்கொண்டிருக்க வேண்டும். பனிக்கட்டி வைக்கலாகாது. மை, பற்பசை, தோசை மாவு, மஞ்சள் ஆகிய ஒன்றையும் பூசலாகாது. நம் வீடுகளில் இன்றும் இவைதானே முதலில் வருகின்றன! தோலோடு ஒட்டிக்கொண்ட துணியைப் பிய்க்கலாகாது. வீக்கம் ஏறுமுன் வளையல், மோதிரம், மெட்டி ஆகியவற்றைக் கழற்ற வேண்டும். சுத்தமான துணியால் தளர்வாக மூடி, 108ஐ அழைக்க வேண்டும். புகை சூழ்ந்தால் தரையோடு தாழ்ந்து ஊர்ந்து வெளியேற வேண்டும். இன்னொன்று: எரிகிற மருந்துக் கலவையில் தண்ணீரை ஊற்றுவது எப்போதும் உதவாது. அலுமினியத் தூள் கலந்த மருந்தில் தண்ணீர் பட்டால் ஆபத்து பெருகவும் கூடும். அதனாலேதான் ஆலைத் தீயை அணைக்கும் வேலை தீயணைப்புத் துறையினருடையது, ஓடிவருகிற தம்பிமாருடையது அல்ல. தம்பிமாருடைய வேலை, வெளியே வந்தவர்களைக் காப்பதும், கூட்டத்தைத் தூர நிறுத்துவதும், ஆம்புலன்ஸுக்கு வழி விடுவதும்.

இவற்றைச் செவியால் கேட்டால் மட்டும் போதாது. கை பழக வேண்டும். தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறையினர் பள்ளி கல்லூரிகளில் ஒத்திகை நடத்துவதைக் கண்டிருக்கிறீர்கள். எழுதிக் கேட்டால் சபைக்கு வரமாட்டார்களா? செஞ்சிலுவைச் சங்கமும் முதலுதவிப் பயிற்சி அளிக்கிறது. நம் சபைகளிலேயே செவிலியர் சகோதரிகள் எத்தனையோ பேர் உண்டு. தீபாவளிக்கு முந்திய மாதங்களில் ஆலைகளில் வேலை நெருக்கடி கூடும். அதற்கு முன்பே, ஆடி மாதத்துக்குள்ளாக, சபைக்குப் பத்துப் பேராவது பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

இது சபைக்குப் புறம்பான உலக வேலை என்று எண்ணுகிற பெரியவர்கள் இருக்கலாம். அவர்களுக்கு ஒரு சரித்திரத்தை நினைவூட்டுகிறேன். 1844இல் லண்டன் மாநகரில், துணிக்கடை ஒன்றில் வேலை பார்த்த ஜார்ஜ் வில்லியம்ஸ் என்ற 22 வயது வாலிபர், தம்மைப் போன்ற கடைத் தொழிலாளர் சிலரோடு கூடி ஜெபிக்கத் தொடங்கினார். அதுவே வாலிபர் கிறிஸ்தவ சங்கமாக, நாம் அறிந்த ஒய்.எம்.சி.ஏ. ஆக வளர்ந்தது. ஜெனீவா நகரில் அந்தச் சங்கத்தை 1852இல் தொடங்கிய வாலிபர்களுள் ஒருவர் ஆன்றி டுனான். அவர் 1859இல் வியாபார நிமித்தமாக இத்தாலிக்குப் போனபோது, சோல்ஃபெரினோ யுத்தகளத்தில் ஆயிரமாயிரம் போர்வீரர் காயத்தோடு கேட்பாரற்றுக் கிடப்பதைக் கண்டார். பக்கத்து ஊர்ப் பெண்கள் ஆலயத்தைத் திறந்து, எந்த நாட்டான் என்று பாராமல் காயம் கட்டினார்கள். டுனானும் அவர்களோடு நின்றார். ஆனால் நல்ல மனமிருந்தும் பழக்கமில்லாத கைகளால் எத்தனை உயிர்கள் வீணாய்ப் போயின என்பதையும் அவர் கண்டார். அதனால் ஊர் திரும்பியதும் அவர் எழுதிய நூலில், யுத்தம் வரும் முன்னே, சமாதான காலத்திலேயே, தொண்டர்களைப் பயிற்றுவித்து ஆயத்தமாக வைக்கும் சங்கங்கள் ஒவ்வொரு நாட்டிலும் வேண்டும் என்று மன்றாடினார். 1863இல் செஞ்சிலுவை இயக்கம் பிறந்தது. சபையின் வாலிபர் கூட்டத்தில் வேதம் வாசித்துப் பழகிய ஒருவரின் இருதயத்திலிருந்து அது புறப்பட்டது என்பதை நம் வாலிபருக்கு யார் சொல்லுவார்கள்?

இனி, உவமையின் மறுபாதிக்கு வருவோம். சமாரியன் காயம் கட்டியதோடு விடவில்லை. சத்திரக்காரனிடம் பணம் கொடுத்து, திரும்பி வரும்போது மீதியையும் தீர்ப்பதாக வாக்குக் கொடுக்கிறான். திரும்பி வருவேன் என்ற அந்த வாக்கில்தான் அவனுடைய அன்பின் நீளம் தெரிகிறது.

விபத்து நடந்த அன்று எல்லாரும் வருகிறார்கள். மந்திரிகள், அதிகாரிகள், தொலைக்காட்சிக்காரர், சபைகளின் பிரதிநிதிகள் என்று வாசலில் கூட்டம் கொள்ளாது. பதினாறாம் நாளுக்குப் பிறகு அந்த வாசல் வெறிச்சோடிவிடும். அப்போதுதான் அந்தக் குடும்பத்தின் நீண்ட இரவு தொடங்குகிறது. தீக்காயம் ஆறும்போது தோல் சுருங்கும், விரல்கள் மடங்கிப்போகும், மாதக்கணக்கில் பயிற்சி செய்தால்தான் கை நிமிரும். அந்தப் பயிற்சிக்கு மருத்துவமனைக்கு அழைத்துப் போக ஆள் வேண்டும். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், வங்கிக் கணக்கு, இழப்பீட்டு மனு என்று இ-சேவை மையத்துக்கும் தாலுகா அலுவலகத்துக்கும் நடக்க வேண்டும். தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் 1923 முதலே இந்த நாட்டில் உண்டு. ஆனால் எழுத்தறியாத ஒரு தாய்க்கு அந்தச் சட்டம் பூட்டிய பெட்டி. திறவுகோலோ, கைப்பேசியில் எந்தப் படிவத்தையும் நொடியில் நிரப்பத் தெரிந்த நம் வாலிபப் பிள்ளைகளின் விரல்நுனியில் இருக்கிறது.

பட்டாசு விபத்தில் இறந்த தொழிலாளரின் பிள்ளைகளுடைய கல்விச் செலவை அரசே ஏற்கும் என்று 2024 நவம்பரில் அறிவிக்கப்பட்டது. உயர்கல்வி பயிலும் மாணவியருக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், மாணவருக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் உண்டு. அறிவிப்பு ஒரு காரியம். அது ஒரு குறிப்பிட்ட பிள்ளையின் கையில் வந்து சேருவது வேறொரு காரியம். இரண்டுக்கும் நடுவே உள்ள பாதையில் கூடவே நடப்பதுதான் ஊழியம். ஒரு வாலிபர் ஐக்கியம் ஒரு குடும்பத்தைத் தத்தெடுக்கட்டும். ஓராண்டுக்கு, மாதம் ஒருமுறை, தவறாமல் போய்வரட்டும். ஐம்பது வீடுகளுக்கு ஒருநாள் அரிசிப் பை கொடுப்பதைவிட ஒரு வீட்டுக்குப் பன்னிரண்டு முறை திரும்பிப் போவது கடினம். கனி கொடுப்பதும் அதுவே.

அடுத்த காரியம், மாலை நேரப் படிப்பு. 1986ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டமும், சிவகாசியைக் குறித்து 1996இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பும், 18 வயதுக்குட்பட்டோரை ஆபத்தான தொழில்களில் ஈடுபடுத்தலாகாது என்ற 2016ஆம் ஆண்டுத் திருத்தமும் சேர்ந்து, ஒரு தலைமுறைக்கு முன் இங்கே கண்ட காட்சிகளைப் பெரிதும் மாற்றியிருக்கின்றன. அதற்காகக் கர்த்தரைத் துதிப்போம். ஆனாலும் பெற்றோர் இருவரும் இருட்டிய பிறகே வீடு திரும்புகிற ஊர்களில், நான்கு மணிக்குப் பள்ளி விட்ட பிள்ளை எங்கே போகும்? 2021இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் நம் பகுதிப் பெண்பிள்ளைகள் பலர் தன்னார்வலராகித் திண்ணையிலும் மரத்தடியிலும் பாடம் சொன்னார்கள். அவர்களுக்குப் பழக்கம் உண்டு. ஆலய மண்டபம் வாரத்தில் ஆறு நாள் பூட்டிக் கிடக்கிறது. பழகிய ஆசிரியரும் பூட்டிய மண்டபமும் ஒரே ஊரில் இருக்க, பிள்ளைகள் தெருவில் நிற்பது ஏன்?

இப்பொழுது கடினமான ஒன்றைச் சொல்ல வேண்டும். அப்போஸ்தலர் நடபடிகள் 23ஆம் அதிகாரத்தில் பெயரில்லாத ஒரு வாலிபன் வருகிறான். அவன் பவுலின் சகோதரி மகன். பவுலைக் கொல்லச் சிலர் பதிவிருக்கிறார்கள் என்ற செய்தி அவன் காதில் விழுகிறது. அவன் வாளெடுக்கவில்லை, கூட்டம் கூட்டவில்லை. கோட்டைக்குள் போய்ப் பவுலிடம் சொல்லுகிறான். பவுல் அவனைச் சேனாபதியிடம் அனுப்புகிறார். சேனாபதி அவன் கையைப் பிடித்துத் தனியே அழைத்துப் போய், சொல்வதைக் கேட்கிறான். ஓர் உயிர் காக்கப்படுகிறது. அபாயத்தை அறிந்த வாலிபன், அறிவிக்க வேண்டியவரிடம் அறிவித்தான். கேட்க வேண்டிய பெரியவன் கேட்டான். இவ்வளவுதான் நடந்தது.

நம் வாலிபருக்கும் பல காரியங்கள் காதில் விழுகின்றன. ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் வேலை செய்யலாகாது என்ற விதியிருக்க எத்தனை பேர் அமர்த்தப்படுகிறார்கள். உரிமம் ஒருவர் பெயரில் இருக்க அறைகள் யாருக்கெல்லாம் உள்குத்தகைக்குப் போகின்றன. மருந்துக் கலக்க அறிந்தவர் வராத நாளில் யார் கலக்கிறார்கள். எந்த வீட்டின் பின்புறத்தில் உரிமமின்றித் திரி சுற்றி மருந்து இடிக்கப்படுகிறது. இவற்றை முதலில் அறிகிறவர்கள் அந்தந்த ஊர்ப் பிள்ளைகள்தாம். அறிந்ததைப் பெரியவர்களிடம் சொன்னால் என்ன பதில் கிடைக்கிறது? 'உனக்கு எதற்கு வம்பு, அவர் நம் சபைக்கு வேண்டியவர்' என்றா? அல்லது கையைப் பிடித்துத் தனியே அழைத்துப்போய்க் கேட்கிற ஒரு மூப்பரைக் காண்கிறார்களா? வாலிபன் தனியாகப் போய் மாட்டிக்கொள்ளும்படி விட்டுவிடலாகாது. அவன் சொன்னதைச் சபைப் பெரியவர்கள் தாங்களே ஏற்று, முதலில் ஆலைக்காரரிடம் அன்போடு பேசி, தேவைப்பட்டால் அதிகாரிகளிடம் கொண்டுசெல்ல வேண்டும்.

நம் சபைகளில் ஆலை உரிமையாளரும் உண்டு, போர்மேன்களும் உண்டு. விதிகளைக் கண்ணின் மணிபோலக் காக்கிறவர்கள் அவர்களில் பலர். தொழிலாளர் வீட்டு நன்மை தீமைகளில் முன்னே நிற்கிறவர்கள். அவர்கள் இதை வாசித்து மனம் நோக வேண்டியதில்லை. இந்தத் தொழில் வானம் பார்த்த கரிசல் பூமிக்குச் சோறிட்டது என்பதை மறப்பதும் நன்றியல்ல. மழை பொய்த்தால் ஊரைக் காலிசெய்து போயிருக்க வேண்டிய மக்களை இங்கேயே நிறுத்தியது இந்தத் தொழில். ஆனால் உபாகமம் 22:8ஐ அவர்கள் நிதானமாக வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். புதுவீடு கட்டுகிறவன் மெத்தைக்குக் கைப்பிடிச் சுவர் வைக்க வேண்டும், ஒருவன் விழுந்தால் இரத்தப்பழி அந்த வீட்டின்மேல் வராதிருக்கும்படி, என்பது அங்கே காணும் கட்டளையின் கருத்து. விபத்துக்குப் பின் காட்டும் இரக்கத்தைப் பற்றிய கட்டளையல்ல அது. விபத்துக்கு முன் எழுப்ப வேண்டிய சுவரைப் பற்றியது. அறைக்கு நான்கு பேர் என்ற விதியும், ரப்பர் விரிப்பும், பருத்தி உடையும் நம் காலத்துக் கைப்பிடிச் சுவர்கள். அறுப்பின் பண்டிகையில் முதல் ஏலம் கேட்பதைவிட அந்தச் சுவரைக் கட்டுவது கர்த்தருக்குப் பிரியமான காணிக்கை என்றே நம்புகிறேன்.

இன்னொரு உண்மையையும் ஒத்துக்கொண்டே ஆக வேண்டும். நம் வாலிபரில் பலர் தாமே ஆலைத் தொழிலாளர். ஆறு நாளும் குனிந்து உழைத்து, உள்ளங்கையில் அலுமினிய மினுமினுப்போடு ஞாயிறு காலை ஆலயத்துக்கு வருகிறார்கள். துரோவா பட்டணத்தில் பவுல் நடுராத்திரிமட்டும் பிரசங்கித்தபோது, ஜன்னலில் உட்கார்ந்திருந்த ஐத்திகு என்ற வாலிபன் தூங்கி, மூன்றாம் மெத்தையிலிருந்து விழுந்தான். பகலெல்லாம் அவன் என்ன வேலை செய்தான் என்று வேதம் சொல்லவில்லை. பவுலோ அவனைக் கடிந்துகொள்ளவில்லை, இறங்கிப்போய் அணைத்துக்கொண்டார். களைத்த பிள்ளைகளின் மேல் இன்னொரு சுமையை ஏற்றி அதற்கு ஊழியம் என்று பெயரிடாதிருப்போம். ஞாயிறு மாலையை நான்கு கூட்டங்களால் நிரப்பிவிட்டு, 'வாலிபர் சமுதாயப் பணிக்கு வருவதில்லை' என்று குறைசொல்வது நியாயமல்ல. கமிட்டிக் கூட்டம் ஒன்றைக் குறையுங்கள். அந்த ஒரு மணி நேரத்தை முதலுதவிப் பயிற்சிக்கும் வீடு சந்திப்புக்கும் கொடுங்கள். ஓய்வும் கர்த்தருடைய கட்டளைதானே.

நம் ஊர்களில் மன்றங்களுக்குக் குறைவில்லை. நடிகர் பெயரில், தலைவர் பெயரில், சமுதாயத்தின் பெயரில் என்று தெருவுக்கொன்று உண்டு. அவற்றில் சில இரத்ததானமும் செய்கின்றன, கண்மாயும் தூர்வாருகின்றன. நன்மை எவர் செய்தாலும் நன்மையே. ஆனால் பெரும்பாலும் ஒரு மன்றத்தின் சேவை அதன் தெருமுனையோடு நின்றுவிடும். சபையின் வாலிபரை வேறுபடுத்த வேண்டியது இதுதான். ஆண்டவர் உவமைக்காகத் தெரிந்துகொண்டவன் சமாரியன். அவனோடு யூதர் சம்பந்தங்கலவார். நம் வாலிபர் எந்தத் தெருவில் நுழைவதற்கு அவர்களுடைய பாட்டன்மார் தயங்கினார்களோ, அந்தத் தெருவில் அவர்களுடைய முதல் மாலை வகுப்பு தொடங்கட்டும். ஆலை நெருப்பு சாதி பார்த்துச் சுடுவதில்லை; ஆற்றுகிற கை மட்டும் பார்க்கலாமா? அங்கே போகும்போது பதாகை வேண்டாம், கைப்பேசிப் படம் வேண்டாம். உதவி பெறுகிறவர் ஆலயத்துக்கு வரவேண்டும் என்ற பேரமும் வேண்டாம். காயப்பட்டவனிடம் சமாரியன் தன் மார்க்கத்தைக் குறித்து ஒரு வார்த்தையும் பேசியதாக உவமையில் இல்லை.

இதெல்லாம் நமக்குப் புதிதல்ல. கேம்பிரிட்ஜ் கல்லூரியின் மேன்மையை விட்டு வந்த ராக்லண்ட் ஐயர், 1854 முதல் இந்த வட திருநெல்வேலிக் கரிசலில் கூடாரம் அடித்து ஊர் ஊராக நடந்தார். தெற்கத்திச் சபைகளிலிருந்து உபதேசிமார் முறைவைத்து வந்து அவரோடு உழைத்தார்கள். 1858 அக்டோபரில் சிவகாசியிலேயே அவர் நித்திரையடைந்தார். நம் சபைகள் பார்த்துவிட்டுப் போனவர்களால் உண்டானவை அல்ல, தங்கினவர்களால் உண்டானவை. அதுபோலவே 1920களில், கே. டி. பால் என்ற தமிழ்க் கிறிஸ்தவரின் தரிசனத்தின் வழியே, மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. கிராமப் புனரமைப்புப் பணியைத் தொடங்கியது. ஸ்பென்சர் ஹாட்ச் என்பவரும் தோழரும் பிச்சை கொடுக்கவில்லை. கோழி வளர்க்கவும் தேனீ வளர்க்கவும் கற்றுக்கொடுத்து, முட்டையையும் தேனையும் கூட்டுறவாக விற்க வழி செய்தார்கள். அந்தப் பகுதி இன்றும் தேனுக்குப் பேர்பெற்றிருக்கிறது.

நம் விருதுநகரிலேயே இதற்கு ஒரு பாடம் உண்டு. பெருந்தலைவர் காமராசர் சிறுவயதில் பயின்ற சத்திரிய வித்யாசாலை, வீட்டுக்கு வீடு எடுத்துவைத்த பிடியரிசியால் நடந்த பள்ளி. உலை வைக்கும்முன் ஒரு கைப்பிடி. அவ்வளவே. நம் சபைத் தாய்மாரும் கைப்பிடி அரிசிக் காணிக்கையால் எத்தனையோ ஊழியங்களைத் தாங்கியிருக்கிறார்கள். ஒரு மூட்டையை ஒரேநாளில் கொட்டிக் கொடுத்துவிட்டு மறந்துபோகிறவரால் பள்ளி நடந்ததில்லை. தினம் ஒரு பிடி எடுத்துவைத்தவர்களால் நடந்தது. வாலிபரிடம் நாம் கேட்க வேண்டியதும் அதுவே. வாரத்துக்கு ஒரு பிடி நேரம், ஆனால் தவறாமல்.

அன்பானவர்களே, 'இவ்வளவும் செய்தால் ஜெபக்கூட்டம் என்னாகும், சுவிசேஷம் என்னாகும்' என்று கேட்கிறவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. ஜெபமில்லாத சேவை சீக்கிரமே களைத்துப்போகும் அல்லது பெருமையாக மாறும். அதனால் ஜெபக்கூட்டம் ஒன்றையும் குறைக்கச் சொல்லேன். ஆனால் ஜெபத்தில் நாம் பெயர் சொல்லி ஏறெடுக்கிற குடும்பத்தின் கதவை ஒருபோதும் தட்டாதிருந்தால், அந்த ஜெபத்துக்குக் கர்த்தர் நம்மையே பதிலாக அனுப்ப எண்ணியதை நாம் தடுக்கிறவர்களாவோம்.

ஆகவே பெற்றோரே, உங்கள் மகன் முதலுதவிப் பயிற்சிக்குப் போகக் கேட்டால் மறுக்காதிருங்கள். மூப்பர்களே, மாலையில் மண்டபத்தைத் திறந்துவையுங்கள். தொழில் நடத்துகிறவர்களே, கைப்பிடிச் சுவரைக் கட்டுங்கள். வாலிபரே, அடுத்த ஆண்டுத் திட்டத்தில் 'சமுதாயப் பணி' என்று ஒரு சனிக்கிழமைக்கு நேராக எழுதுவதற்குப் பதிலாக, ஒரு குடும்பத்தின் பெயரை எழுதுங்கள். அந்தப் பெயர் பன்னிரண்டு மாதங்களின் பக்கத்திலும் இருக்கட்டும்.

தியானிக்க: நம் தெருவில் இன்று ஒரு தீ விபத்து நடந்தால், முதல் பத்து நிமிடத்தில் என்ன செய்ய வேண்டும் என்று அறிந்தவர் நம் வீட்டில் எத்தனை பேர்? சென்ற ஆண்டுகளில் விபத்தில் ஒருவரை இழந்த எந்தக் குடும்பத்தின் வாசலை நாம் கடைசியாக மிதித்தோம், எப்போது?

ஜெபம்: அன்பின் பரம பிதாவே, அக்கினியின் நடுவிலும் உம்முடைய பிள்ளைகளோடு உலாவினவரே, எங்கள் ஆலைகளில் உழைக்கிற ஒவ்வொருவரையும் இன்று மாலை பத்திரமாக வீடு சேர்த்தருளும். காயப்பட்டவர்களைச் சுகமாக்கும், இழந்தவர்களைத் தேற்றும். எங்கள் வாலிபருக்கு உருகுகிற மனதையும், அறிந்த கைகளையும், திரும்பிப் போகிற கால்களையும் தாரும். பெரியவர்களாகிய எங்களுக்குக் கேட்கிற செவியைத் தாரும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் கேட்கிறோம், நல்ல பிதாவே. ஆமென்.